இரவல் கம்பி

ஜப்பானில் பழைய வீடியோ கேம் விற்கும் கடைகளின் கண்ணாடி அலமாரியில் சில சமயம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பேக் கிடக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே ‘8 எம்’ என்று போட்டிருக்கும். எட்டு மெகாபிட், அதாவது ஒரே ஒரு மெகாபைட். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குரிய பெட்டியில் செருகிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் இதைத் தேடி வாங்குகிறவர்கள் ஏறக்குறைய லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான் வாங்குகிறார்கள். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் ஆகாயத்திலிருந்து ஏதோ ஒரு வீட்டுக்குள் இறங்கிய விளையாட்டு, அப்புறம் யாரும் அதன் மேல் வேறொன்றை ஏற்றாததால், இன்னும் அங்கேயே குடியிருக்கலாம். அழித்துவிட்டதாகக் காட்டும் பேக்கில்கூடச் சில நேரம் பழையதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பேக் சாட்டெலாவியூ என்ற சேவையின் மிச்சம். நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் பெட்டிக்குச் செயற்கைக்கோள் வழியே விளையாட்டு அனுப்பிய சேவை அது. இன்று ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்து பிளக்கில் சொருகினால், அது முதலில் கேட்பதே வைஃபை பாஸ்வேர்டைத்தான். 1980களின் பெட்டிக்கோ உலகம் என்பது தலையில் செருகிய கேசட்டோடு முடிந்தது. (கேசட் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் வைத்த பெயரல்ல. கார்ட்ரிட்ஜ் என்று அமெரிக்கர்கள் சொன்னதை ஜப்பானியர்களும் ‘கசெட்டோ’ என்றே சொன்னார்கள்.) அந்தப் பெட்டியை வெளியுலகத்தோடு இணைத்துவிடப் பல பேர் முயன்றார்கள். ஒருவரிடமும் சொந்தக் கம்பி இல்லை. பேசுவதற்காக வீட்டுக்கு வந்த தொலைபேசி, படம் பார்க்க வந்த கேபிள், பாட்டுக் கேட்க வந்த செயற்கைக்கோள் வானொலி என்று எல்லாமே இரவல். இரவல் வாங்கியதைச் சொந்தக்காரர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திருபது வருடத்துச் சங்கடங்களில் பாதிக்குமேல் இதிலிருந்து வந்தவைதான்.

முதலில் கைகொடுத்தது கேபிள். பொம்மை செய்யும் மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் பெட்டிக்கு, ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 1981இல் அமெரிக்காவில் ப்ளேகேபிள் வந்தது. மாதச் சந்தா கட்டினால் கேபிள் வழியே விளையாட்டுகள் வரும். பிடித்ததைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். அதன் அடாப்டருக்குள் இருந்த நினைவகம் 4 கிலோபைட் விளையாட்டுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டே வருடத்தில் விளையாட்டுகள் 8 கிலோபைட்டாக வளர்ந்துவிட்டன. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குப் பத்தாமல் போன கதை. 1983இல் கடை மூடிவிட்டது.

அதே வருடம் தொலைபேசிக் கம்பியைக் கேட்டு வந்தவர் வில்லியம் வான் மைஸ்டர். யோசனைக்குப் பஞ்சமில்லாத மனிதர். யோசனைகளைப் பணமாக்கும் சாமர்த்தியம்தான் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் காலை வாரியது. வீட்டுக்கணினி வைத்திருப்பவர்களுக்குத் தொலைபேசி வழியே செய்தி தந்த ‘தி சோர்ஸ்’ சேவையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு செயற்கைக்கோளும் கேபிளும் கொண்டு வீட்டுக்கே பாட்டு விற்கப் பார்த்தார். இசைத்தட்டுக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? துணை நிற்பதாக இருந்த வார்னர் நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. பாட்டு போனால் போகட்டும், வீடியோ கேம் இருக்கிறதே என்று அவர் திரும்பினார். அப்படிப் பிறந்தது கேம்லைன்.

அது அட்டாரி 2600 பெட்டிக்கான சேவை. 1977இல் வந்த அந்தப் பெட்டியின் நினைவகம் 128 பைட். இந்த வாக்கியத்தைத் தமிழில் முழுதாகச் சேமித்து வைக்கக்கூட அந்த இடம் போதாது. கேம்லைன் கொடுத்தது வெள்ளி நிறத்தில், வழக்கமான கேசட்டைவிடப் பருத்த ஒரு கேசட். அதற்குள்ளேயே மோடமும் தனி நினைவகமும் இருந்தன. பக்கவாட்டில் தொலைபேசி ஒயர் செருகும் துளை. கேசட்டைச் செருகி, ஜாய்ஸ்டிக்கை அசைத்து விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால், அது தானே எண்ணைச் சுழற்றி மையக் கணினியை அழைத்து, விளையாட்டை இறக்கிக்கொண்டு, தொலைபேசியை வைத்துவிடும். கட்டணம் ஏறக்குறைய ஒரு டாலர். குறிப்பிட்ட ஆட்டங்களோடு விளையாட்டு தீர்ந்துபோகும். திரும்ப வேண்டுமானால் திரும்ப அழைக்க வேண்டும். விளையாட்டு என்பது வாங்கி அலமாரியில் அடுக்கும் பொருள் என்றிருந்த காலத்தில், பால் மாதிரி வேண்டுகிற அளவு வாங்கலாம் என்று சொன்ன முதல் ஆட்களில் இவர்கள் உண்டு.

1983 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் வான் மைஸ்டர் பெரிய வெப்பக்காற்று பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு கேம்லைனுக்கு விளம்பரம் செய்தார். அங்கே வந்து போனவர்களில் ஸ்டீவ் கேஸ் என்ற இளைஞரும் ஒருவர். அப்போது அவருக்கு பீட்சா ஹட் நிறுவனத்தில் வேலை. பீட்சாவின் மேல் புதிதாக எதைத் தூவலாம் என்று ஊர் ஊராகப் போய்த் தின்று பார்ப்பது அதில் ஒரு பகுதி. அவரை வான் மைஸ்டர் முதலில் பகுதிநேர ஆலோசகராகவும் பிறகு முழுநேரமாகவும் சேர்த்துக்கொண்டார்.

பலூன் உயர்ந்த வேளை சரியில்லை. அட்டாரி, ஆக்டிவிஷன் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் விளையாட்டுகளைத் தர மறுத்துவிட்டன. கேம்லைனுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டாம் வரிசை. இமேஜிக் போல ஒன்றிரண்டு பேர் மட்டும் விதிவிலக்கு. அதற்குள் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்துவிட்டது. கடை வாசலில் பெரிய தொட்டியில் கொட்டி, ஐந்து டாலருக்கும் குறைவாகக் கேசட்டுகளை அள்ளிக்கொடுத்த நேரத்தில், தொலைபேசியில் அழைத்துத் தற்காலிகமாக ஒன்றை வாங்க யாருக்குப் பொறுமை? நிறுவனம் கடனில் மூழ்கியது. ஆனால் மோடம் தெரிந்த பொறியாளர்கள் மிஞ்சினார்கள். அதே ஆட்களும் அதே அனுபவமும் 1985இல் குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற புதுப் பெயருக்கு மாறி, காமடோர் 64 கணினிக்கு கியூ-லிங்க் என்ற சேவையைத் தொடங்கின. அந்த நிறுவனம்தான் பிறகு அமெரிக்கா ஆன்லைன் ஆனது. ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு இணையத்தை அறிமுகப்படுத்திய ஏ.ஓ.எல். நிறுவனத்தின் பூர்வீகம், பருத்த வெள்ளி கேசட்டில் இருக்கிறது.

ஜப்பானில் தொலைபேசிக் கம்பியைக் கேட்டது பிள்ளைகளுக்காக அல்ல, அப்பாக்களுக்காக. நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டி 1983இல் வந்தது. சில வருடங்களில் ஜப்பானிய வீடுகளில் டி.வி.க்குக் கீழே அது நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. கணினி இல்லாத வீட்டிலும் ஃபாமிகாம் இருக்கிறதே, அதையே கணினியாக்கினால் என்ன என்று நிண்டெண்டோவும் நோமுரா பங்குத்தரகு நிறுவனமும் சேர்ந்து யோசித்தன. 1988இல் ஃபாமிகாம் மோடம் வந்தது. அதோடு வந்த கைப்பிடியில் எண் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். மரியோவைத் தாவவைக்க அல்ல, கணக்கு எண்ணைத் தட்டுவதற்கு. பங்கு வாங்கலாம், விற்கலாம், வங்கிக் கணக்கைப் பார்க்கலாம், பின்னால் குதிரைப் பந்தயத்துக்குப் பணமும் கட்டலாம்.

பங்குச் சந்தை திறந்திருக்கும் நேரம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். அதுவரை தகராறு இல்லை. குதிரைப் பந்தயமோ பெரும்பாலும் சனி, ஞாயிறு. அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில், பெட்டி ஒன்று, டி.வி. ஒன்று, தொலைபேசியும் ஒன்று. எந்தப் புத்தகமும் இந்தப் பஞ்சாயத்தைப் பெரிதாக எழுதிவைக்கவில்லை என்றாலும், பந்தயச் சேவைதான் அந்த மோடத்தை நீண்ட நாள் உயிரோடு வைத்திருந்தது என்பதைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் யார் கை ஓங்கியது என்று ஊகிப்பது சிரமமில்லை. இதே யோசனை அமெரிக்காவுக்கும் போனது. மினசோட்டா மாநில லாட்டரியை நிண்டெண்டோ பெட்டி வழியே விற்றுப் பார்க்கலாம் என்று 1991இல் ஒரு திட்டம் எழுந்தது. பிள்ளைகள் விளையாடும் பெட்டியில் சூதாட்டமா என்று எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது.

1990இல் சேகா தன் மெகா டிரைவ் பெட்டிக்கு ஜப்பானில் மெகாநெட் சேவையைத் தொடங்கியது. அதன் மோடம் நொடிக்கு 1,200 பிட் கடத்தும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் மூன்று மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கம்பி வழியே அதை அனுப்பி முடிக்க ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே மெகாநெட்டில் வந்தவை குட்டி விளையாட்டுகள். பெரிதாக ஓடவில்லை, பிரேசிலில் மட்டும் டெக்டாய் நிறுவனம் அந்தப் பெயரை எடுத்துப் பின்னால் கொஞ்ச காலம் நடத்தியது.

இந்த வரிசையில் உண்மையிலேயே மூளைக்காரர்கள் என்று சொல்ல வேண்டியவர்கள், கலிபோர்னியாவின் குபெர்டினோவில் இருந்த கேடபல்ட் என்டர்டெயின்மென்ட் ஆட்கள். அதுவரை வந்த சேவைகள் விளையாட்டை வீட்டுக்கு அனுப்பின. இவர்கள் 1994 கடைசியில் கொண்டுவந்த எக்ஸ்பேண்ட், எதிராளியை வீட்டுக்கு அனுப்பியது. மோடத்தைப் பெட்டியில் செருகி, அதன் தலையில் மார்ட்டல் காம்பட்டையோ என்.பி.ஏ. ஜாமையோ செருக வேண்டும். அந்த விளையாட்டுகள் ஒரே பெட்டியில், ஒரே சோபாவில், இரண்டு கைப்பிடிகளோடு உட்கார்ந்து ஆடுவதற்காக எழுதப்பட்டவை. தொலைபேசி என்ற ஒன்று உலகில் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. கேடபல்ட் பொறியாளர்கள் ஒவ்வொரு விளையாட்டின் நிரலையும் பிரித்து மேய்ந்து, இரண்டாவது கைப்பிடியில் என்ன பொத்தான் அழுத்தப்பட்டது என்று விளையாட்டு பார்க்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே குறுக்கே புகுந்தார்கள். சோபாவின் மறுமுனையில் யாரோ இருக்கிறார் என்று நம்பியே விளையாட்டு ஓடும். அந்த யாரோ நாலு தெரு தள்ளி வேறொரு வீட்டில் இருப்பார்.

கணக்கைப் பார்த்தால் அந்தச் சாமர்த்தியம் விளங்கும். மோடத்தின் வேகம் நொடிக்கு 2,400 பிட். திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒரு முறைக்குக் கிடைப்பது 40 பிட். அதில் படத்தை அனுப்புவதென்பது நடக்காத காரியம். ஆனால் சேகா ஜெனிசிஸ் (மெகா டிரைவின் அமெரிக்கப் பெயர்) கைப்பிடியில் நாலு திசை, மூன்று பொத்தான், ஒரு ஸ்டார்ட். அழுத்தியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல எட்டே பிட் போதும். அதை மட்டும் அனுப்பினார்கள். இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒரே பொத்தான்களைக் கேட்டு, ஒரே ஆட்டத்தைத் தனித்தனியே நடத்தின. அந்தப் பக்கத்துப் பொத்தான் வந்து சேரும்வரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். ஒரு பெட்டி இம்மி முந்திக்கொண்டாலும் இந்த வீட்டில் விழுந்தவன் அந்த வீட்டில் நின்றுகொண்டிருப்பான்.

எக்ஸ்பேண்ட் மையக் கணினியை அழைத்து, நான் தயார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். மையக் கணினி ஜோடி சேர்த்ததும், ஒருவருடைய பெட்டி மற்றவருடைய வீட்டு எண்ணையே நேராக அழைக்கும். அமெரிக்காவில் உள்ளூர் அழைப்புக்கு அப்போது பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. வெளியூர் என்றால் நிமிடத்துக்கு நிமிடம் பில் ஏறும். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு எதிராளியும் உள்ளூர்தான். உலகம் முழுவதையும் இணைக்கும் என்று பின்னால் பேசப்பட்ட ஆன்லைன் விளையாட்டு, ஆரம்பத்தில் தெருச்சண்டை மாதிரி அக்கம்பக்கத்துச் சமாச்சாரமாக இருந்தது. கடைத்தெருவில் எதிரே போகிற பையன்களில் எவன் நேற்று ராத்திரி தன்னை அடித்தான் என்று தெரியாமலே இரண்டு பேர் தோளுரசிக் கடந்திருக்கலாம். முகம் தெரியாது, தெரிந்ததெல்லாம் பட்டப்பெயரும், ஜெயித்தால் எதிராளி திரையில் காட்டுவதற்காக முன்கூட்டியே எழுதிவைத்த நக்கல் வரியும்தான். எக்ஸ்-மெயில் என்று கடிதமும் அனுப்பலாம். கைப்பிடியால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எழுத வேண்டியிருந்ததால் கடிதங்கள் தந்தி பாஷையில் இருந்தன. தனியே ஒரு விசைப்பலகையும் விற்றார்கள்.

இந்த இடத்தில்தான் இரவல் கம்பியின் சொந்தக்காரர்கள் வருவார்கள். மாடியில் அக்கா ரிசீவரை எடுத்தால் ஆட்டம் அறுந்துவிடும். கால் வெயிட்டிங் வசதி உள்ள வீட்டில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும் அந்தச் சின்ன ‘பீப்’ மோடத்தின் காதில் இடியாக விழும். எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் எழுபதும் அழுத்தினால் அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் கால் வெயிட்டிங் நிற்கும் என்பதை அமெரிக்கப் பிள்ளைகள் வாய்வழியாகக் கற்றுவைத்திருந்தார்கள். நின்றால் அதற்கும் திட்டு: வெளியிலிருந்து அழைக்கும் பாட்டிக்கு மணிக்கணக்கில் ‘பிஸி’ ஒலி கேட்கும். எக்ஸ்பேண்ட் பிறகு சூப்பர் நிண்டெண்டோவுக்கும் வந்தது, ஜப்பானுக்கும் போனது. 1997இல் நிறுவனம் வேறொன்றோடு இணைந்து, கணினி விளையாட்டுப் பக்கம் திரும்பி, அமெரிக்கச் சேவை நின்றது.

அதே 1994 டிசம்பரில் கேபிளும் திரும்பி வந்தது. டி.சி.ஐ., டைம் வார்னர் கேபிள் நிறுவனங்களோடு சேர்ந்து சேகா தொடங்கிய சேகா சேனலுக்கு மாதம் சுமார் 15 டாலர். மாதந்தோறும் ஐம்பது விளையாட்டுகள். பிறகு எழுபதுவரை போனது. தொலைபேசி தேவையில்லை, அக்காவோடு சண்டை இல்லை. ஆனால் பழைய கேபிள் ஒருவழிப் பாதை. இதைக் கொடு என்று பெட்டியால் கேட்க முடியாது. அதனால் அத்தனை விளையாட்டுகளையும் ராட்டினம் மாதிரி ஓயாமல் சுற்றவிட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடாப்டர் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். கேட்டது சுற்றி வரும்போது எட்டிப் பிடித்துத் தன் நினைவகத்தில் போட்டுக்கொள்ளும். டி.வி. படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். விளையாட்டில் ஒரு பிட் மாறினாலும் ஓடாது. ஆகவே ஊர் ஊராகக் கேபிள்காரர்கள் இணைப்புகளைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பின்னால் அதே கேபிளில் இணையம் வந்தபோது அந்த வேலை வீண்போகவில்லை.

சுவிட்சை அணைத்தால் இறக்கியது எல்லாம் போய்விடும். ஆட்டத்தை முடிக்காமல் தூங்கப் போனால் மறுநாள் முதலிலிருந்து. மாதம் பிறந்தால் பட்டியலில் அந்த விளையாட்டே இல்லாமல் போகலாம். வாடகைக்குக் குடியிருந்த விளையாட்டுகள். மெகா மேன்: தி வைலி வார்ஸ், ஏலியன் சோல்ஜர், பல்ஸ்மேன் முதலியவை அன்றைய அமெரிக்காவில் கேசட்டாகவே வரவில்லை, சேகா சேனலில் மட்டும் வந்து போயின. பள்ளியில் அவற்றைப் பற்றிச் சொன்ன பிள்ளையிடம் கேசட்டைக் காட்டு என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. உச்சத்தில் இரண்டரை லட்சம் சந்தாதாரர்கள் இருந்தும், பெட்டிக்கே வயதாகிவிட்டதால் 1998 ஜூலை கடைசியில் ராட்டினம் நின்றது.

சாட்டெலாவியூ 1995 ஏப்ரலில் தொடங்கியது. அதற்குக் கம்பி இரவல் கொடுத்தது செயிண்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி; இரவல் கொடுத்தவற்றிலேயே விசித்திரமானது அதுதான். 1990இல் பிறந்த அந்த நிலையத்தில் அறிவிப்பாளர் கலகலப்பு கிடையாது, செய்தி கிடையாது, விளம்பரம் கிடையாது. கடல் அலை, மழை, பறவை, இடையிடையே மெல்லிய இசை. நிகழ்ச்சிகளைக் கடிகாரப்படி அமைக்காமல் கடலின் ஏற்ற இறக்கத்தையும் நிலவையும் பார்த்து அமைத்தார்கள். கேட்டவர்கள் உருகினார்கள், சந்தா கட்டியவர்கள் போதவில்லை. பணமுடை வந்தபோது நிண்டெண்டோ பங்கு போட்டது. அலைக்கு ஏற்ப ஓடிய நிலையம், சாயங்காலமானால் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒலிபரப்ப ஆரம்பித்தது. நிலையத்தின் பழைய ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது வேறு கதை.

சாட்டெலாவியூ கருவி சூப்பர் ஃபாமிகாமின் அடியில் பீடம் போல உட்காரும். மேலே ஒரு கேசட், அந்தக் கேசட்டின் தலையில் மெமரி பேக். கூடவே செயற்கைக்கோள் ட்யூனரும் பால்கனியில் ஒரு டிஷ்ஷும் வேண்டும். சுவிட்சைப் போட்டால் பட்டியல் வராது. ஓர் ஊர் வரும். பெயர் திருடப்பட்ட ஊரின் கதை என்பது அந்தக் கேசட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆணோ பெண்ணோ ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர் வைத்து, அந்த ஊர்த் தெருவில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடமும் ஒரு நிகழ்ச்சி. கதவைத் திறந்து உள்ளே போனால் இறக்கம் தொடங்கும். இறக்கிய விளையாட்டுகளில் பலவற்றை ஐந்து முறைதான் தொடங்கலாம். ஆறாவது முறை திறக்காது.

அந்தச் சேவையின் மகுடம் சவுண்ட்லிங்க். விளையாட்டு பேக்குக்குள் இறங்கியிருக்கும். கதை சொல்லும் குரலும் இசையும் வானொலியாக அதே நேரத்தில் வந்துகொண்டிருக்கும். 1995 ஆகஸ்ட்டில், நான்கு வாரங்களுக்கு, வாரம் ஒரு பாகமாக செல்டா கதை ஒன்றை இப்படி ஒலிபரப்பினார்கள். வழக்கமான நாயகன் லிங்க் அதில் இல்லை. பெயர் திருடப்பட்ட ஊரில் நடந்து திரிந்த அதே பையனோ பெண்ணோதான் வாளை எடுத்தாக வேண்டும். திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடும். ஒரு மணி நேரம். நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டு வர முடியாது, ஏனென்றால் குரல் நிற்காது. குறித்த நிமிடத்தில் குரல் ஒன்று பேசும். அதே நிமிடத்தில் நாடு முழுவதும் எல்லா வீட்டுத் திரைகளிலும் அதே சம்பவம் நடக்கும். நேரம் முடிந்தால் எங்கே நின்றாலும் அங்கேயே முடிவு. கோடை விடுமுறையில் வரும் வானொலி நாடகத்துக்கு வீடு கூடி உட்காருவதைப் போன்றது. நாடகத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வேலை மட்டும் கேட்பவனுடையது.

1999இல் நிண்டெண்டோ ஒதுங்கிக்கொண்டது. பழைய நிகழ்ச்சிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சமாளித்த சேவை 2000 ஜூன் 30 அன்று நின்றது. கடைகளில் பேக்குகளைத் தேடுகிறவர்கள் இன்று விளையாட்டுகளைக் கணினிக்கு மாற்றி எடுத்துவிடுகிறார்கள். குரல் பேக்கில் பதியவே இல்லை. அன்றைய சாயங்காலம் யாராவது டி.வி.யோடு வி.சி.ஆரைச் சேர்த்துப் பதிவுசெய்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். அப்படிச் செய்தவர்கள் சிலர் இருந்தார்கள். அந்த நாடாக்களை வைத்து, குரல் எந்த நொடியில் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஆர்வலர்கள் மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொலைபேசிக் கம்பியை ஆசையோடு பற்றிக்கொண்டது சேகாவின் டிரீம்காஸ்ட். 1998 நவம்பரில் ஜப்பானில் வந்த அந்தப் பெட்டியோடு மோடமும் சேர்ந்தே வந்தது. செலவைக் குறைக்க மோடத்தை விட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வைத்தே தீர வேண்டும் என்று நின்றவர் தலைவர் இசாவோ ஒகாவா. ஜப்பானில் வாங்கியவர்களுக்கு ஒரு வருட இணைய இணைப்பு இலவசம். அந்தப் பணத்தை அவரே கைக்காசிலிருந்து கொடுத்தார் என்பார்கள். இணைப்பு இலவசம்தான், தொலைபேசி அழைப்பு இலவசமல்ல. மூன்று நிமிட உள்ளூர் அழைப்புக்குப் பத்து யென். ஒரு மணி நேரத்துக்கு இருநூறு. இதற்கு வழியாக ஜப்பானியத் தொலைபேசி நிறுவனம் டெலிஹோடாய் என்று ஒரு திட்டம் வைத்திருந்தது: இரவு 11 மணிமுதல் காலை 8 மணிவரை, குறிப்பிட்ட எண்களுக்கு எவ்வளவு பேசினாலும் ஒரே மாதக் கட்டணம். அதனால் ஜப்பானின் வீட்டு இணையம் இரவு 11 மணிக்குத்தான் விழித்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் பதினொன்று அடித்ததும் ஒட்டுமொத்தமாக டயல் செய்ய, கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

2000 டிசம்பரில் வந்த ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் அந்த இரவுகளுக்காகவே செய்ததுபோல இருந்தது. நாலு பேர் சேர்ந்து வேட்டைக்குப் போகும் விளையாட்டு. முன்பின் தெரியாத நாலு பேர், ஆளுக்கொரு பாஷை. அதற்கு வேர்ட் செலக்ட் என்று ஒரு வழி செய்திருந்தார்கள்: ஆயத்த வாக்கியங்களைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால், ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று அவரவர் திரையில் அவரவர் மொழியில் வரும். ‘உதவி வேண்டும்’, ‘நன்றி’ என்ற அளவில்தான் பேச்சு. அதற்குமேல் சொல்ல வேண்டியதைக் கோடும் வட்டமும் சேர்த்து முகம் வரைந்து காட்டினார்கள். ஒசாகாவில் நடு இரவு உட்கார்ந்திருப்பவரும், ஐரோப்பாவில் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த பையனும் ஒரே காட்டில் தோளோடு தோள் நின்று டிராகனை அடித்தார்கள்.

விளையாட்டு வந்து ஆறு வாரம் ஆவதற்குள், 2001 ஜனவரி 31 அன்று, டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக சேகா அறிவித்தது. ஒகாவா மார்ச்சில் காலமானார். அதற்கு முன் தன் சொத்தில் பெரும்பகுதியைக் கடனில் இருந்த நிறுவனத்துக்கே எழுதிக்கொடுத்திருந்தார். மறுவருடம் நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையில் தொலைபேசி மோடத்துக்கு இடமே இல்லை. பிராட்பேண்ட் இருந்தால் வா, இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்கள்.

டிரீம்காஸ்டை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. ஃபேன்டசி ஸ்டாருக்கு ஆர்வலர்களே தனியே சர்வர் நடத்துகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். அந்தப் பெட்டி இன்னமும் தொலைபேசிக் கம்பியைத்தான் கேட்கிறது. பல வீடுகளில் இப்போது அந்தக் கம்பி இல்லை. அதற்காக டிரீம்பை என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள்: ராஸ்பெரி பை எனும் உள்ளங்கைக் கணினி, அதில் செருகிய ஒரு யு.எஸ்.பி. மோடம். மறுபக்கம் அது வீட்டு இணையத்தில் இணைந்திருக்கும். டிரீம்காஸ்ட் எண்ணைச் சுழற்றுவதற்குமுன் கம்பியில் காதை வைத்து டயல் டோன் வருகிறதா என்று கேட்கும், வராவிட்டால் அசையாது. ஆகவே சின்னக் கணினி முதலில் செய்கிற வேலை, எந்தத் தொலைபேசி நிலையமும் இல்லாத அந்த ஒரு முழ ஒயரில், ‘ங்ங்ங்’ என்று டயல் டோன் ஒலியைப் பாடுவது. அதைக் கேட்டதும் பெட்டி டயல் செய்யத் தொடங்குகிறது.